அறுபத்து மூன்றாவது அடுப்பு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சம்மதம்தான். ஒரு கட்டி போதாது என்றால் முழுப் பாக்கெட்டையும் கொளுத்தி அணைக்கலாம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பரளச்சிக்குத் தெற்கே சுள்ளியேந்தலில், 1991 பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை நடந்தது நடந்தபடி இதுதான்.

போன வாரம் ஊருக்குப் போனவர்கள், பத்திரிகையை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க முடியாதவர்கள், இவர்களுக்காகப் போன வாரக் கதை நாலு வரியில்.

சுள்ளியேந்தலைச் சுற்றி விளைவது இரண்டே இரண்டு. ஒன்று பருத்தி, அது வானத்தைப் பார்க்கும். இன்னொன்று சீமைக்கருவேல், அது யாரையும் பார்க்காது. அந்தக் கருவேலை வெட்டி, அடுக்கி, மேலே மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்கி, அருப்புக்கோட்டைக்கு லாரியில் லோடு ஏற்றுகிறவர்கள் ஊரில் ஐந்தாறு பேர். கரி ஊரை விட்டுப் போகும். புகை போகாது. வெடித்த பருத்தி செடியிலேயே சாம்பல் நிறத்துக்கு மாறியது. டவுன் வியாபாரி ஒரு சுளையை எடுத்து மோந்து பார்த்து, இதில் நெய்த வேட்டியைக் கட்டினால் தனியாகப் பீடி குடிக்க வேண்டியதில்லை என்று சொல்லி விலையைக் குறைத்தார்.

அதனால் ஊர் கூடிப் புகைவரி போட்டது. ஊரை விட்டு வெளியேறுகிற கரி மூடை ஒன்றுக்கு இரண்டு ரூபாய். அதை வசூலித்துத் தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டுகிற வேலை இருளப்பசாமிக்கு. ஐந்து ஏக்கர் பருத்திக்காரர். சில்லறை மாற்றும்போதுகூட இரண்டு தடவை எண்ணிக் கொடுத்து, மூன்றாவது தடவை வாங்கினவரையும் எண்ணச் சொல்கிறவர். அந்த வரியை ஊரிலேயே அதிகமாகக் கட்டியவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி சோணைமுத்து. அண்ணனுக்குப் பருத்தி, தம்பிக்குக் கரி. ஆனாலும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. தம்பி பெண்டாட்டி ரேணுகாதேவி அருப்புக்கோட்டைக் கடைக்காரக் குடும்பத்திலிருந்து வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அண்ணன் பெண்டாட்டி மாரிக்கனி ஊதிவிட்ட நெருப்பில்தான் இத்தனை நாளும் இரண்டு குடும்பமும் சாப்பிட்டது.

ஒரு வருஷத்தில் பெட்டியில் ஒன்பதாயிரத்து முந்நூறு சேர்ந்தது. அதை என்ன செய்வது என்பதில்தான் ஊர் சிக்கிக்கொண்டது.

இருளப்பசாமிக்கு ஒரு யோசனை இருந்தது. ஊரில் ஏற்கெனவே ஏர்வரி என்று ஒன்று உண்டு. உழுகிற ஒவ்வொரு ஏருக்கும் வருஷம் அறுபது ரூபாய். அதற்குப் பயந்து ஏரைக் கட்டித் தூக்கி வைத்தவர்கள் பலர். உழாத காட்டில் கருவேல் வந்தது. கருவேல் கரியானது. கரி புகையானது. ஆகவே புகைக்காசை வைத்து ஏர்வரியை எடுத்துவிட்டால் ஏர் திரும்பும், கருவேல் குறையும், ஊருக்கும் வரும்படி கூடும் என்று அவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏர் இல்லாதவர்களுக்கு மட்டும் நன்றாக இல்லை.

புகையை எல்லோரும்தானே குடித்தோம், காசையும் எல்லோருக்கும் சமமாகப் பிரி என்றார்கள் அவர்கள். ஆள் கணக்கா, வீட்டுக் கணக்கா என்று இழுபறியாகி, கடைசியில் அடுப்புக் கணக்கு என்று முடிந்தது. ஊரில் அடுப்பு அறுபத்திரண்டு. அடுப்புக்கு நூற்றைம்பது ரூபாய். அடுத்த செவ்வாய் எண்ணிக்கை. அன்றைக்குச் சூடாக இருக்கிற அடுப்பு மட்டுமே கணக்கில் சேரும்.

இடையில் ஒரு வாரம் விட்டார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு.

புதன்கிழமை ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் தனி அடுப்பு போட்டார்கள். வியாழக்கிழமை ஏழு வீடு. வெள்ளிக்கிழமை முத்துத்தாய் தன் புருஷனோடு சண்டை போடாமலேயே தனியாகப் பொங்க ஆரம்பித்தாள். புருஷன் எதிர்த்த மூலையில் தனக்கு ஒன்று போட்டுக்கொண்டான். அய்யப்பன், செத்துப்போன தன் அப்பா அமாவாசைக்கு அமாவாசை சாப்பிட வருகிறவர்தானே என்று அவர் பேரில் ஒன்று போட்டான். திருச்சுழியிலிருந்து வண்டியில் மண் அடுப்பு கொண்டுவந்து விற்ற வேளார், ஞாயிற்றுக்கிழமை வெறும் வண்டியோடு திரும்பாமல் பெண்டாட்டிக்கு மூக்குத்தி வாங்கிக்கொண்டு போனார்.

இருளப்பசாமி வீட்டிலும் மாட்டுக்கொட்டத்தில் ஒன்று முளைத்தது. சோணைமுத்துதான் போட்டான். ஊரே போடும்போது நாம் மட்டும் விட்டுக்கொடுத்தால் கிறுக்கன் என்பார்கள், எண்ணி முடிந்ததும் இடித்துவிடலாம் என்றான். இருளப்பசாமி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது அவர் செய்த தப்பு.

செவ்வாய்க்கிழமை அவர் கண் விழித்தபோது விடியவில்லை. இன்னொரு தூக்கம் போட்டு எழுந்தபோதும் விடியவில்லை. பிறகுதான் விடிந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, நூற்று ஐம்பத்தோரு அடுப்பும் ஒரே நேரத்தில் எரிகின்றன என்பது தெரிந்தது. ஒன்பதரை பஸ்ஸு லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து, ஊர் எங்கே இருக்கிறது என்று டிரைவருக்குப் பிடிபடாமல், நேரே பரளச்சியில் போய் நின்றது. கோழிகள் மறுபடி அடைந்துவிட்டன. ஊர் புகைக்கு வரி போட்டது. அந்த வரியைப் பங்கு போடுவதற்காக ஒரு மாத மூட்டப் புகையை ஒரே காலையில் கிளப்பிவிட்டது. இதில் லாபம் பார்த்தவர்கள் விறகு வெட்டுகிறவர்கள் மட்டும்தான். ஒரு கட்டுக் கருவேல் விறகு அன்றைக்கு மூன்று மடங்கு விலைக்குப் போனது.

எண்ணுவதற்கு இருளப்பசாமியோடு வந்தது ஊர்க்காவல் பால்சாமி. அடுப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சூடு சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. மூன்றாவது வீட்டிலேயே கை கொப்புளித்துவிட்டதால், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நாலாவது வீட்டில் இருளப்பசாமி சும்மா இருக்காமல் பானை மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் தண்ணீர் கொதித்தது. பக்கத்து அடுப்பிலும் அதுவே. அதற்கடுத்ததில் தண்ணீரோடு ஒரு கூழாங்கல். அங்கேயே நின்று ஒரு விதி செய்தார்.

“சோறு வெந்தா அது அடுப்பு. தண்ணி கொதிச்சா அது குளிக்கிறதுக்கு. குளியலுக்கெல்லாம் நூத்தம்பது ரூவா கெடையாது.”

செய்தி அவரை முந்திக்கொண்டு கொல்லைப்புறம் வழியாக ஓடியது. ஐந்தாவது வீட்டிலிருந்து ஒவ்வொரு புது அடுப்பிலும் சோறு வெந்துகொண்டிருந்தது. பார்த்த சோறாக இருக்கிறதே என்று பால்சாமிக்குச் சந்தேகம். அதில் ஒரு கருகின நெல் கிடந்தது. அதே நெல் ஆறாவது வீட்டிலும் கிடந்தது. ஒரே படி அரிசிதான் பானை மாறி அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது வீட்டில் அரைவேக்காடு. பன்னிரண்டில் பதமாக இருந்தது. இருபதில் குழைந்துவிட்டது. முப்பதாவது வீட்டில் கஞ்சியாகி, ஆறிவிடாமல் அந்த வீட்டுக்காரி விசிறிக்கொண்டு நின்றாள்.

இருளப்பசாமி அந்தச் சோற்றை, அது முதலில் கிளம்பிய பழைய அடுப்பின் கணக்கில் ஒரு தடவை மட்டும் எழுதிக்கொண்டார். புது அடுப்பு ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து அடிபட்டது. பழைய அறுபத்திரண்டும் நின்றன. கடைசியாக அவருடைய வீடு.

முன்கட்டில் மாரிக்கனியின் அடுப்பு. அது அந்த அறுபத்திரண்டில் ஒன்று, அதில் பேச்சில்லை. கொட்டத்துக்குப் போனார். சோணைமுத்து மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன், அண்ணனைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினான். பானையில் தண்ணீர்தான் இருக்கும், அதை அடித்துவிட்டால் வீடும் ஒன்றாகவே இருக்கும், தன் மேலும் பேச்சு வராது என்ற நிம்மதியோடு இருளப்பசாமி மூடியைத் தூக்கினார்.

சோறு. வடித்து நிமிர்த்தி, பூப்போல இருந்தது. பக்கத்துச் சட்டியில் தாளித்து இறக்கின கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. சுவரோரம் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. நேற்றைக்கும் சாப்பிட்ட தட்டுகள்.

“இது என்ன தாயி?”

“சோறு பெரியத்தான்,” என்றாள் ரேணுகாதேவி.

“கணக்குக்குன்னுதான போட்டீக?”

“மொத நாள் கணக்குக்குத்தான். ரெண்டா நாளு ஒரு காப்பி போட்டேன். யாரு எந்திரிச்சாக, யாரு எந்திரிக்கலன்னு பாக்காம, எனக்குத் தோணுன நேரத்துல ஒரு காப்பி. நல்லா இருந்துச்சு. அப்புறம் சோறும் வச்சுப் பாத்தேன்.”

சோணைமுத்துவுக்கே அது புதுச் செய்தி என்று அவன் முகம் சொன்னது. மூன்று நாளாகக் கொட்டத்தில் சாப்பிட்டதை அவன் எண்ணிக்கைக்கான ஒத்திகை என்று நினைத்திருந்தான்.

வாசற்படியில் மாரிக்கனி வந்து நின்றாள்.

“நான் ஒனக்குக் காப்பிய அளந்தா குடுத்தேன்?”

“அளக்கலக்கா. நீங்க எந்திரிச்சாத்தான் அடுப்பு எந்திரிக்கும். அதத்தான் சொன்னேன்.”

மாரிக்கனி உள்ளே போனாள். பால்சாமி கையை வாளியில் முக்கியபடி, ஒன்று என்று போடவா, இரண்டு என்று போடவா என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்று இருளப்பசாமி காடு பக்கம் நடந்தார்.

வெயிலில் பருத்திக்குள் நின்று யோசித்தார். சுள்ளியேந்தலில் ஒரு வீட்டுக்கு அடுப்பு இரண்டு என்று ஊர் நோட்டில் ஏறிவிட்டால், அது சமையல் விஷயமாக நிற்காது. அடுத்த மாதமே கயிறு பிடித்துக் காட்டை அளக்க ஆள் வரும். கிணற்றில் முறை வைப்பார்கள். மாட்டுக்கும் பங்கு பேசுவார்கள். ஒன்று என்று எழுதினால் வீடு வீடாக நிற்கும். ஆனால் அது பொய். காலையிலிருந்து அடுத்தவன் பானையைத் திறந்து பார்த்த மனுஷன், தன் வீட்டுப் பானையை மட்டும் மூட வேண்டியிருக்கும். ஊரெல்லாம் பொய் அடுப்பு போட்டது. அவர் செய்த விதிப்படி ஊரிலேயே உண்மையான புது அடுப்பு ஒன்றே ஒன்று, அதுவும் அவர் வீட்டில். ஒரு செடியில் பத்துச் சுளை பறித்துவிட்டு அதே பத்தைத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ ஊர்ச்சாவடியில் எல்லோரும் கூடினார்கள். இருமல் சத்தத்தில் பேச்சு காதில் விழாததால், இருமுகிறவர்கள் இடது பக்கம் உட்காரலாம் என்று ஏற்பாடு. இடது பக்கம் நிரம்பிவிட்டது.

இருளப்பசாமி எழுந்து, அறுபத்து மூன்று என்றார்.

கூடுதலான அந்த ஒன்று யாருடையது என்று அய்யப்பன் கேட்டான். செத்துப்போன அப்பாவின் அடுப்பு அடிபட்டதில் அவனுக்கு வருத்தம்.

“என் வீட்டுது. தம்பி சம்சாரம் போட்டது.”

பிறகு கொஞ்ச நேரம் அங்கே யார் என்ன பேசினார்கள் என்று எழுத முடியாது. மற்றவன் அடுப்பையெல்லாம் தண்ணீர் என்று தள்ளிவிட்டுத் தன் வீட்டுக் குழம்பை மட்டும் ஏற்றிக்கொண்டார் என்பது அதில் நாகரிகமான பேச்சு. இதற்கிடையில் ஒன்பதாயிரத்து முந்நூறை அறுபத்து மூன்றால் வகுத்துப் பார்த்த ஒருவர் முப்பத்தொன்பது ரூபாய் மிஞ்சுகிறது என்று சொல்லவும், அந்த முப்பத்தொன்பதுக்குத் தனிச் சண்டை கிளம்பியது.

சோணைமுத்து அண்ணன் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினான்.

“ஒண்ணுன்னு சொல்லியிருந்தா தீந்துபோயிருக்கும்ணே. ஊரு முன்னாடி எங்கள வெட்டி விட்டுட்டீகளே.”

“வெந்திருந்துச்சுல்லடா,” என்றார் இருளப்பசாமி. “வெந்த சோத்த வேகலன்னு சொல்ல எனக்கு வரல.”

அப்போதுதான் மாயக்காள் எழுந்தாள். சோணைமுத்துவின் மூட்டத்தில் விறகு அடுக்குகிறவள். கட்டின புருஷன் போய் ஆறு வருஷம். சாவடிக்கு வெளியே பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து பேசினாள். அடுப்பை எண்ணிக் கிழித்தது போதும் என்று தொடங்கி, ஒரு கேள்வி கேட்டாள்.

“மூடைக்கு ரெண்டு ரூவா வரிய மொதலாளிமாரு அவுக மடியிலருந்தா எடுத்துக் குடுத்தாக? எங்க கூலியில புடிச்சுல்ல குடுத்தாக. பதினஞ்சு பன்னெண்டாயிப்போச்சு. புகையும் எங்க நெஞ்சுல. வரியும் எங்க கையில. அதுல வீட்டுக்கு வீடு நூத்தம்பது பிரிக்கணும்னா, பிரிக்கிற காசு யாரு காசுன்னு ஒருக்கா கேட்டீகளா?”

சோணைமுத்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இருளப்பசாமி ஏர்வரி யோசனையை மறுபடி எடுத்தார். ஏர் திரும்பினால் விதைப்பு வரும், களையெடுப்பு வரும், கரிமூட்டத்தை நம்பாமல் காட்டிலேயே கூலி வரும் என்று விளக்கினார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. மாயக்காளும் தப்பு என்று சொல்லவில்லை.

“களையெடுப்பு எப்ப வரும் சாமி?”

“கார்த்திகையில.”

“இப்பப் பங்குனி. நடுவுல எட்டு மாசம் கெடக்கே. அதையும் பெட்டியில போட்டுப் பூட்டிருவீகளா?”

இடது பக்கத்தில் இருமல்கூட நின்றுபோனது.

இருளப்பசாமி பெட்டிச் சாவியைக் கையில் வைத்து இரண்டு மூன்று தடவை திருப்பினார். பிறகு நின்றபடியே சொல்லி முடித்தார். மூட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்த மூன்று ரூபாயைக் கார்த்திகை வரைக்கும் பெட்டியிலிருந்து தினக்கூலியோடு சேர்த்துக் கொடுப்பது. மிச்சத்தில் ஏர்வரியை எடுப்பது. அதிலும் ஒற்றை ஏர்க்காரனுக்கு முதலில், இரண்டு மூன்று ஏர் வைத்திருப்பவனுக்கு அடுத்த வருஷம். ஒற்றை ஏர்தான் முதலில் காட்டை விட்டுப் போனது, அதுதான் முதலில் திரும்ப வேண்டும். அடுப்புக்குப் பைசா கிடையாது. அவருக்கே மூன்று ஏர் உண்டு. அதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். தெரியும் என்றார்.

இது சரி என்று ஊர் ஒப்புக்கொண்டதா என்றால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் தனக்கு நூற்றைம்பது வராமல் போவதைவிட, எண்பத்தெட்டு பொய் அடுப்புக்காரர்களில் ஒருவனுக்கும் வராமல் போனது ஒவ்வொருவருக்கும் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலில் கை தூக்கிவிட்டார்கள்.

அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் தங்கள் புது அடுப்பை இடித்துத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சோணைமுத்துவும் வந்த வேகத்தில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டத்துக்குள் போனான். காசு இல்லை என்று ஆகிவிட்டது, இனி எதற்கு இது என்றான்.

ரேணுகாதேவி அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“காசு இருக்குன்னு நீங்க போட்டீக. காசு இல்லன்னு நீங்க இடிக்கிறீக. நடுவுல சமைச்சவ நானு. என்னய ஒரு வார்த்த கேட்டீகளா?”

“வீடு ரெண்டாகுதுடி.”

“ஊரு நோட்டுல ஆயிப்போச்சே.”

இருளப்பசாமி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றார். பெட்டிக் காசை யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று ஊருக்கு வகுத்துச் சொன்னவர். இங்கே வகுக்க ஒரு மண் அடுப்பும் இரண்டு பெண்களும்தான் இருந்தார்கள். அதற்கு அவரிடம் வழியில்லை. காலையில் ஒரு பொய் எழுதியிருந்தால் இந்தக் கடப்பாரை இந்நேரம் மூலையில் கிடந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். மறு நிமிஷம் அந்தப் பூப்போன்ற சோறு ஞாபகம் வந்தது.

மாரிக்கனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே குழம்புச் சட்டியைத் திறந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்புக்கு என்ன செஞ்ச?”

ரேணுகாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். “ஒங்க சாடியிலதான் எடுத்தேன்க்கா.”

“மூணு நாளுமா?”

“மூணு நாளும்.”

மாரிக்கனி மூடியைத் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போனாள். சோணைமுத்து கடப்பாரையை ஊன்றியபடி நின்றான். இருளப்பசாமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சமையல்கட்டில் உப்புச்சாடியைத் தரையோடு இழுக்கிற சத்தம் கேட்டது. அதைக் கொட்டத்துக்குக் கொண்டுவருகிறாளா, கைக்கு எட்டாமல் பரணில் ஏற்றப்போகிறாளா என்று சத்தத்தை வைத்து மூன்று பேராலும் சொல்ல முடியவில்லை.

சூடம் அணைத்தாயிற்று, ஆனாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வருஷம் சர்க்கார் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி சுள்ளியேந்தலில் மொத்த வீடுகள் பதினொன்று; அவற்றில் ஏழு பூட்டிக் கிடந்தன.